தேயாத சோப்பு

வாதி கபீர் ஷோரூமில் எனக்கு வேலை
இன்னும் வராத வண்டிக்குப் பெயர் எழுதுவது.
நாற்பத்தொரு பெயர். பச்சை அட்டை நோட்டு.
கம்பெனி கணினியில் இதற்கு இடமில்லை;
வண்டியே இல்லையே, எங்கே பதிவது?

இருப்பது ஒரு படம்.
முழுக் கறுப்பு. மேல் விளிம்பில் மட்டும்
ஒரு கோடு வெளிச்சம்.
கோடு நேராக இருக்கிறது. அது போதும் அவர்களுக்கு.

"பாரு தங்கா, வளைவே இல்லை"
என்கிறார் ஹிலால் அல் ஹப்சி,
தங்கபுஷ்பத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்பவர்.
பத்து வருஷமாய் வந்ததெல்லாம்
பாதி தேய்ந்த சோப்பாம்.
"பிரிக்காத சோப்பு வேணும் எனக்கு.
விளிம்பு விரலில் குத்தணும்."

மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து
பாகைமானியை எடுத்து வந்து
படத்தின் மூக்கில் வைத்து அளந்தார்.
முப்பத்தெட்டு பாகை என்றார்.
இருட்டுக்கு எத்தனை பாகை என்று நான் கேட்கவில்லை.

பல் டாக்டர் ஜெபராணிக்கு
பேரீச்சம்பழ நிறத்தில் தோல் இருக்கை,
முதுகு பிடித்துவிடும் எந்திரம்,
மோர் புளிக்காத சின்ன ஃப்ரிட்ஜ்.
தாத் முகம்மதுக்கு
ஜன்னலைக் கையால் சுற்றி இறக்கணும்:
மழையில் வாதி நிரம்பிக் கதவைத் தொடும்போது
கரண்ட் இருக்கும் என்று யார் கையெழுத்துப் போட்டது?
மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே வண்டி.
ஆசைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால்
நோட்டில் சத்தம் கேட்பதில்லை.

நாற்பத்திரண்டாவது வரியில்
பென்சிலால் என் பெயரும் உண்டு.
வாங்க அல்ல. என் சம்பளம் எனக்குத் தெரியும்.
பீப்பாய் டெஸ்டில் இரண்டு முறை தோற்றவள் நான்.
பின்னால் எடுக்கும்போது
பயிற்சி வண்டியின் உடம்பு எங்கே முடிகிறதென்று
எனக்குத் தெரியாது; பீப்பாய்க்குத் தெரிந்துவிடும்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
நான்கு மூலையும் கண்ணில் பட வேண்டும்.

ஜனவரியில் சுஹார் துறைமுகத்தில் இறங்கியது.
உறையை உருவினோம்.
பெட்டிதான். சத்தியமாகப் பெட்டி.
கதவைச் சாத்தினால்
அரிசி மூட்டை இறக்கிய சத்தம்.
யாரோ கைதட்டினார்கள்.
ஹிலால் மண்டியிட்டார், பாகைமானியோடு.
எழுந்தபோது முகத்தில் இருபத்தொன்பது.
விலையட்டையைத் திருப்பியபோது
மற்றவர்கள் முகத்திலும் ஓர் எண்.
மாலைக்குள் முப்பத்தாறு பெயர்களை அடித்தேன்,
ஸ்கேல் வைத்து.

வாங்கியது ஜெபராணி.
முதல் வெள்ளிக்கிழமையே பித்யா.
டயரில் காற்றை இறக்கச் சொன்னதற்கு
"புது டயரிலேயா?" என்றாராம்.
இரண்டாவது மேட்டில் வயிறு வரை மணல்.
ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

போன் எனக்கு வந்தது. நோட்டு என்னிடம்தானே.
அடித்த பெயர்களை வரிசையாக அழைத்தேன்.
இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்தார்கள்
கூரை துருவேறிய பழைய சதுரங்களில்;
நான் தாத் முகம்மதுவின் பின்சீட்டில்,
கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே.

ஒருவர்கூடத் திட்டவில்லை. மோர் வாங்கிக் குடித்தார்கள்.
ஹிலால் அடியில் படுத்துத் தோண்டினார்.
தோண்டி முடித்தும் அங்கேயே கிடந்தார்.
வெளியே வந்து, மணலைத் துப்பி,
"லாக் மூன்றும் இருக்கு" என்றார்
யாரிடமும் சொல்லாததுபோல.

வண்டி மேலே வந்த பிறகு
சமதரையில் இரண்டு மண்வெட்டிகளை நட்டார்.
"தங்கா, பின்னால் எடு."
ஜெபராணி அதற்குள் சாவியை நீட்டியிருந்தார்.

உயரம்.
இருக்கை என் முதுகைப் பிடித்துவிட்டது, கேட்காமலே.
கண்ணாடியில் இடது மூலை, வலது மூலை.
முன்னால் பானெட்டின் இரண்டு காதுகள்.
இதுவரை எந்த வண்டியும்
தான் எங்கே முடிகிறதென்று
என்னிடம் சொன்னதில்லை.

ஒரு மண்வெட்டி விழுந்தது.
"மூன்று மூலை சரி!" தாத் முகம்மது கத்தினார்.

ஹிலால் பார்க்கவில்லை.
போனில் அடுத்த மாடலின் படம்.
முழுக் கறுப்பு. ஒரு கோடு.
"என் பெயர் முதலில்" என்றார்.
பென்சில்தான் இருக்கிறது என்றேன்.